பூங்கொடியின் மார்பில் நான்கு வட்டங்கள்

1

பூங்கொடி படிக்கும் பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் நீச்சல் ஆரம்பித்திருக்கிறார்கள். இரண்டாவது வகுப்பு முடிந்த கையோடு நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்தது. ஷூவின் மேல்தோலைத் தைக்கும் மெஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். பிள்ளை தண்ணீரில் மூழ்கிவிட்டாளோ என்றுதான் வழியெல்லாம் நினைப்பு.

அவள் வராந்தாவில் ஈரத் தலையோடு உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை இருந்தார். பக்கத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு பெண்மணி. நகராட்சியில் குழந்தைகள் நலனைப் பார்க்கிறவராம்.

"உங்கள் மகளின் மார்பில் வட்டமாக நான்கு தழும்புகள் இருக்கின்றன" என்றார் அந்தப் பெண்மணி, எனக்குக் காது மந்தம் என்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. "ஏதோ சூடான பொருள் பட்டதுபோலத் தெரிகிறது. வீட்டில் என்ன நடந்தது?"

இந்த நாட்டுக்கு வந்த புதிதாக இருந்தால் அழுதிருப்பேன். இப்போது அழுகை வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. அவை உங்கள் ஆஸ்பத்திரி வைத்த வட்டங்கள். பிறந்தபோது மூச்சு மெஷினில் இருந்தாள். ஆஸ்பத்திரி இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு நிறுத்தம். போன் செய்து கேளுங்கள். கேட்டு முடிக்கிறவரை இங்கேயே இருக்கிறேன்."

அவர்கள் என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். என் எதிரிலேயே போன் செய்தார்கள். இந்தப் பக்கம் ஆமாம், ஆமாம் என்ற குரல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. போனை வைத்த பிறகு தலைமை ஆசிரியை எழுந்து வந்து மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷிதான். "பூ நன்றாக நீந்துகிறாள்" என்று பேச்சை மாற்றினார்.

"அவள் பெயர் பூங்கொடி" என்றேன். "பாதியை வெட்டாதீர்கள்."

நம் ஊரில் பூ என்றால் பூ. இங்கே அது சின்னப் பிள்ளைகள் மலத்துக்குச் சொல்கிற சொல். முதல் வருஷம் வகுப்பே சிரித்திருக்கிறது. அவள் எனக்குச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியை நான்கைந்து முறை முயன்றார். 'ங்கொ' வந்தது. 'டி' மட்டும் கடைசிவரை நாக்கில் திரும்பவில்லை. பரவாயில்லை, பழகிக்கொள்ளட்டும். அவர்கள் ஊர்ப் பெயர்களை நான் பழகிக்கொள்ளவில்லையா?

பஸ்ஸில் வரும்போது பூங்கொடி இங்கிலீஷில் கேட்டாள், "நான் ஏதாவது தப்புப் பண்ணினேனா?" "நீ ஒரு தப்பும் பண்ணல" என்று தமிழில் சொன்னேன். நான் தமிழில் பேசுவேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் இப்போதைக்கு இதுதான் நடைமுறை.

அந்த வட்டங்களைப் பற்றி இங்கே ஒரு கதை கட்டப் பார்த்தார்கள். ஊரில், மாரண்டஹள்ளியில், வேறொரு கதை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் பொய். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

2

நான் பென்னாகரத்துக்காரி. வாழ்க்கைப்பட்டது மாரண்டஹள்ளியில். என் கணவர் சிவலிங்கம் மெட்ராஸில் தோல் பதனிடும் படிப்புப் படித்தவர். பெண் பார்க்க வந்தபோதே எங்கள் சொந்தத்தில் ஒருவர் என் அப்பாவிடம், "தோல் வேலை செய்யறவனுக்கா பொண்ணு குடுக்கறீங்க?" என்று கேட்டார். அப்பா அவர் காலைப் பார்த்தார். "நீங்க போட்டிருக்கற செருப்பு எதுல செஞ்சதுங்க?" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் என்கிற இந்த ஊர் தோலுக்கும் ஷூவுக்கும் பேர்போனது. அவருக்கு இங்கே ஒரு தோல் பதனிடும் ஆலையில் வேலை கிடைத்தது. எண்பத்து மூன்றில் நான் வந்து சேர்ந்தேன். பென்னாகரம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் பாடத்தில் நான்தான் முதல். வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நான் படித்தது கண்ணால் படிக்கிற இங்கிலீஷ். காதால் கேட்கிற இங்கிலீஷ் வேறு.

ஏழாம் மாதத்திலேயே வலி வந்தது. பூங்கொடி பிறந்தபோது அழவில்லை. ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தத் துணிக்குள் பிள்ளை இருந்ததா என்றே எனக்குத் தெரியாது.

அன்றைக்கே ஒரு கூத்தும் நடந்தது. என் பெயர் கலாவதி சிவலிங்கம். அவர் பெயர் சிவலிங்கம் ராமசாமி. இங்கே பெயரின் பின்பாதிதான் குடும்பப் பெயர். ஆகவே பிள்ளையின் கையில் 'சிவலிங்கத்தின் குழந்தை' என்று கட்டியிருந்தார்கள். மெஷின் வார்டுக்குள் போகப் பார்த்த தகப்பனை வாசலில் நிறுத்திவிட்டார்கள். "நீங்கள் திரு ராமசாமி அல்லவா? இது சிவலிங்கத்தின் குழந்தை."

"சிவலிங்கம் நான்தான்" என்று அவர் சொல்லச் சொல்ல, அவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி, "இல்லை, நீங்கள் ராமசாமி" என்றார்களாம். செத்துப்போன தன் அப்பாவின் பெயரால் பிள்ளையைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறார் மனிதர். கடைசியில் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் மகளைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டேன்" என்றாராம். பெரிய நர்ஸ் வந்து உள்ளே கூட்டிப்போனார். சாதுவான மனிதர். அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

3

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கிடந்தாள். வாய்க்குள் ஒரு குழாய். மெஷின் காற்றை ஊதும்போது மார்பு எழும்பும், விடும்போது தாழும். பக்கத்தில் ஜோன் என்கிற நர்ஸ் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். எனக்குப் புரிகிற வேகத்தில் பேசக்கூடிய ஒரே ஆள் அந்த வார்டில் அவள்தான்.

"காற்று உள்ளே போவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள்" என்று ஜோன் சொன்னாள். "கெட்ட காற்று வெளியே வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது உள்ளேயே தங்கினால் ரத்தம் கெடும். மெஷின் அதை அளவுக்கு மேல் வெளியே தள்ளிவிட்டாலும் மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அந்தக் கெட்ட காற்றுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊதினால் பால் மாதிரி ஆகும் என்று வாத்தியார் காட்டியிருக்கிறார். அது என் பிள்ளைக்கு எமனாக வந்து நிற்கும் என்று யார் கண்டது?

அளவு தெரிய வேண்டுமென்றால் ரத்தம் வேண்டும். என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத பாதத்தில், குதிகாலில் குத்தி எடுப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். குழாய் இருப்பதால் அவளுக்கு அழக் குரல் வராது. வாய் மட்டும் கோணும். இரண்டு குதிகாலும் நாவல்பழம் மாதிரி கறுத்துப்போயின.

ஒரு நாள் காலையில் போனபோது யாரும் குத்தவில்லை. மார்பில் சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு வட்டு ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பி புதிய பெட்டி ஒன்றுக்குப் போனது. பெட்டியில் எண்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சந்தோஷம். பிறகு ஜோன் வந்து வட்டை எடுத்து, சற்றுத் தள்ளி ஒட்டினாள். முதலில் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன். சிவப்பாக, வட்டமாக, சூடு போட்ட தடம்.

எனக்கு வயிற்றில் மூன்று தழும்புகள் உண்டு. கைக்குழந்தையாக இருந்தபோது இழுப்பு வந்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் என் அம்மா போடச் சொன்ன சூடு. எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் மூச்சிழுத்துச் செத்தவன். இவளாவது தங்கட்டும் என்று போட்டிருக்கிறாள். அந்த வலி எனக்கு நினைவில்லை. ஆனால் குளிக்கும்போதெல்லாம் அந்தத் தடம் என் விரலில் படும். என் பிள்ளைக்கு இது கிடையாது என்று கல்யாணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தேன். அதற்காகக் கடல் தாண்டி வந்தால், இங்கேயும் சூடா?

பெட்டியின் ஓட்டை வழியே கையை விட்டு அவள் மார்பை மூடிக்கொண்டேன். "நோ ஹாட். மை டாட்டர், நோ ஹாட்" என்றேன். எனக்கு அப்போது கிடைத்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

ஜோன் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வேகமாக ஏதோ சொன்னார். நான் கையை எடுக்கவில்லை. ஆலைக்குப் போன் செய்து என் கணவரை வரவழைத்தார்கள். அவர் தோல் வாடையோடு அப்படியே ஓடிவந்தார். டாக்டர் சொன்னதைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் தெளிந்தது.

"கலா, இது சுடறதுக்கு வெச்சது இல்ல" என்றார். "தோலு செவுரு மாதிரி இல்ல. லேசா சூடு பட்டா ரத்தம் மேல பக்கத்துல வரும். அப்ப உள்ள இருக்கற காத்து தோல் வழியா கொஞ்சம் கசியும். அத இந்த வட்டு அளந்து சொல்லுது. குத்தவே வேணாம். ஒரே எடத்துல ரொம்ப நேரம் இருந்தா சுட்டுடும்னுதான் மாத்தி மாத்தி வெக்கறாங்க."

"நீங்க மாட்டுத் தோல பாத்தவருங்க" என்றேன். "இது என் புள்ள."

டாக்டர் நிதானமாக என்னைப் பார்த்தார். ஏன் இவ்வளவு பயம் என்று கேட்டார். நான் முந்தானையை விலக்கி வயிற்றைக் காட்டினேன்.

"யார் செய்தது?" என்றார்.

"என் அம்மா. நான் சாகக் கூடாது என்று."

அவர் முகத்தில் ஒரு பரிதாபம் வந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. என் அம்மாவைப் பார்த்துப் பரிதாபப்பட இவர் யார்? மற்ற கையை நீட்டினேன். "முதலில் எனக்கு வையுங்கள். என் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம். பிறகு சொல்கிறேன்."

என் கணவர் இதை இங்கிலீஷில் சொல்லத் தயங்கினார். "சொல்லுங்க" என்றேன். சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கைவசம் இன்னொரு பெட்டி இருந்தது. என் முன்கையில் வட்டை ஒட்டினார்கள். காய்ச்சல்காரர் கையைப் பிடித்தால் இருக்குமே, அந்தச் சூடு. எரிச்சல் இல்லை. எண் முதலில் கண்டபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஐந்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றாள் ஜோன். முடிந்தவரை பிடித்தேன். சற்றுப் பிந்தி எண் கொஞ்சம் ஏறியது. மூச்சு விட்டேன், இறங்கியது. அந்தப் பெட்டி என் மூச்சை என் தோலின் மேலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது!

மத்தியானம் வட்டை எடுத்தபோது என் கையிலும் சிவப்பு வட்டம். தொட்டால் வலிக்கவில்லை. பூங்கொடியின் மார்பிலிருந்து கையை எடுத்தேன். அதாவது, எடுக்க எனக்குச் சம்மதம் என்று நானே சொன்னேன். யாரும் என் கையைப் பிடுங்கி எடுக்கவில்லை.

4

அதன் பிறகு என் வேலை அந்த எண்ணைப் பார்ப்பதுதான். ஒரு நாள் அவள் நிறம் நன்றாக இருந்தது, மார்பும் எழும்பித் தாழ்ந்தது. எண் மட்டும் ஏறியது. ஆறு, ஏழு என்று போய் எட்டைத் தாண்டியது. பெட்டியின் எச்சரிக்கை மணி அடிப்பதற்குள் ஜோன் வந்துவிட்டாள். வட்டுக்கு அடியில் காற்று புகுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். அப்படிப் புகுந்தால் பெட்டி பொய் சொல்லுமாம். வட்டு சரியாக இருந்தது. குழாயில் சளி அடைத்திருந்தது. மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். எண் படியிறங்கி வந்ததும்தான் நான் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

எண் நன்றாக இருக்கும் நாட்களிலும் அவ்வப்போது ஒரு துளி ரத்தம் எடுத்து ஒத்துப் பார்ப்பார்கள். முன்போல் ஓயாத குத்தல் இல்லை. குதிகால் மெல்ல நிறம் திரும்பியது.

பல வாரங்கள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மார்பில் இருந்த வட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான்கு மட்டும் வெளிறி நின்றுவிட்டன.

அப்புறம் வீட்டுக்கு வரும் நர்ஸ் அம்மா. இங்கே குழந்தை பிறந்த வீட்டுக்கெல்லாம் ஒருவர் வந்து பார்ப்பார். என் வீட்டுக்கு மட்டும் அடிக்கடி வந்தார். வரும்போதெல்லாம் பிள்ளையின் துணியை அவிழ்த்து முன்னும் பின்னும் பார்ப்பார். என் வயிற்றுத் தழும்பு என்னுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களில் ஏறியிருக்கிறது என்று பிறகு புரிந்தது. ஒரு நாள் நேரடியாகவே கேட்டார், "உங்கள் வழக்கப்படி குழந்தைக்குச் செய்ய நினைக்கிறீர்களா?"

"மாட்டேன்" என்றேன். "ஆனால் என் அம்மாவைக் கொடுமைக்காரி என்று எழுதாதீர்கள். எங்கள் மலைப்பக்கத்தில் அன்றைக்கு டாக்டர் இல்லை. பயம் மட்டும் இருந்தது. கையில் கிடைத்ததைச் செய்தாள். நான் உங்கள் எதிரில் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன்."

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ தெரியாது. வருவது குறைந்தது.

5

பூங்கொடிக்கு ஒன்றரை வயதில் முடி இறக்கவும் காது குத்தவும் ஊருக்குப் போனோம். தக்காளி விளைந்து கொட்டிய பருவம். மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தம்வரை கூடைகள். வீட்டில் என் மாமியார், கொழுந்தன் முருகேசன், அவன் மனைவி சாந்தி. சாந்திக்கு இரண்டு வயதில் ஒரு பையன். வந்த மறுநாளே என் கணவர் ஆலை வேலையாக மெட்ராஸ் போய்விட்டார்.

பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மாமியார் அந்த வட்டங்களைப் பார்த்தார்.

"அடி ஆத்தா! சாந்தி, இங்க வந்து பாரு. சீமையிலயும் சூடு போட்டிருக்காங்க. நாம போட்டா மட்டும் பட்டிக்காட்டுத்தனம்னு சொல்றா உங்க அக்கா!"

"அது சூடு போட்டது இல்லைங்க அத்தை. மூச்சு அளக்கற மெஷினு" என்றேன். யார் கேட்டார்கள்? அன்று சாயங்காலத்துக்குள் தெருவிலிருந்த பெண்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சாந்தி மட்டும் வந்து பார்க்கவில்லை. அவள் பையன் சட்டையில்லாமல் விளையாடிக்கொண்டிருந்தான். தொப்புளைச் சுற்றி நான்கு தழும்பு. ஒன்று சீழ் வைத்து ஆறி, தோல் சுருங்கியிருந்தது.

அந்த வாரமே பூங்கொடிக்குச் சளி பிடித்தது. மூன்றாம் நாள் காலையில் இழுப்பு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் குழிந்தது. நான் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம். முருகேசன் பின்னால் ஒரு பெரியவரை உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தான். பக்கத்து ஊர்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். பிள்ளைகளுக்குச் சூடு போடுவதில் பேர் வாங்கியவர். மாமியார் ஏற்கெனவே அடுப்பில் கரி போட்டு வைத்திருந்தார்.

பெரியவர் பிள்ளையின் சட்டையை விலக்கினார். நான்கு வட்டங்களையும் உற்றுப் பார்த்தார்.

"இது யாரு போட்டதுங்க? நல்ல கை. எல்லாம் ஒரே அளவா இருக்குது."

"சீமை டாக்டருங்க" என்றார் மாமியார் பெருமையாக.

"அப்படியா! அவங்க நெஞ்சுல போட்டிருக்காங்க. இழுப்புக்கு வயித்துலதான் போடணும். அதான் திரும்பி வந்திருக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இவளுக்குச் சூடு போட வேணாங்க. நான் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்."

"போற வழியில என்னாவது ஆச்சுன்னா?" மாமியார் குறுக்கே வந்தார். "ஏழாம் மாசத்துல பொறந்த புள்ள. உன் புருஷன் வந்து கேட்டா நான் என்னான்னு சொல்றது? என் கண்ணு முன்னால ரெண்டு புள்ளைங்கள இழுப்புக்குக் குடுத்தவ நான். உனக்கு என்னா தெரியும்?"

அது உண்மை. அவர் குரலில் இருந்தது பிடிவாதம் மட்டுமில்லை; பயம். என் அம்மாவின் பயம். ஆனால் பயத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதன் கையில் பிள்ளையைக் கொடுப்பது வேறு.

"அத்தை, அங்க வெச்சது இவ மூச்சு எப்படி இருக்குதுன்னு கேக்கறதுக்கு. கேட்டுட்டு அப்புறமாத்தான் வைத்தியம் பண்ணாங்க. உங்க கம்பி எதையும் கேக்காது. சுடும், அவ்வளவுதான். வழிய விடுங்க."

"அண்ணி, அம்மா பேச்ச மீறாதீங்க" என்றான் முருகேசன்.

"மீறுவேன்" என்றேன்.

பெரியவர் கம்பியைக் கரியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். "ஆய்த்து, ஆய்த்து, விடுங்க. பெத்தவ வேணாங்கறா" என்றார். மாமியார் நகரவில்லை. நான் அவர் தோளை இடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் எதிரில் குரல் உயர்த்தியதில்லை, அன்று இடித்தேன். பின்னால் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. பஸ் நிறுத்தத்துக்குப் பாதி வழியில் யாரோ ஓடிவரும் சத்தம். சாந்தி. நான் விட்டுவிட்டு வந்த பையைக் கொண்டுவந்தாள். என் தோளில் மாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

6

பாலக்கோடு வழியாகத் தருமபுரி. கண்டக்டர் பிள்ளையின் இழுப்பைக் கேட்டுவிட்டு முன் சீட்டில் இருந்தவரை எழுப்பி இடம் கொடுத்தார். வழியெல்லாம் என் கண் அவள் மார்பில். அந்த எண் இல்லாமல் நான் குருடி மாதிரி இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடந்த வார்டு. அவர் பூங்கொடியின் சட்டையைத் தூக்கியதும் நிமிர்ந்தார். "யாரும்மா சூடு போட்டது?" என்று சீறினார். தினம் அப்படிப்பட்ட பிள்ளைகள் வருவார்களாம். நான் நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் கண் விரிந்தது. "படிச்சிருக்கேன். பார்த்ததில்ல" என்றார். விரலால் ஒரு வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இங்க அந்த மெஷின் இல்லீங்களே. கார்பன் டை ஆக்ஸைடு ஏறினா எப்படித் தெரியும்?" என்றேன்.

"பிள்ளைய பாருங்க. கையக் கால உதறி அழறவரைக்கும் பரவாயில்ல. அழுகைய விட்டுட்டு, கூப்பிட்டாலும் கண்ணு முழிக்காம தூங்கி வழிஞ்சா உடனே என்னைக் கூப்பிடுங்க. அதுதான் ஏறுதுன்னு அர்த்தம். மெஷின் சீக்கிரம் சொல்லும், துல்லியமா சொல்லும். எனக்கும் ஒண்ணு கெடச்சா நல்லாத்தான் இருக்கும். கெடைக்கறவரைக்கும் நாம ரெண்டு பேரும் பார்ப்போம்."

ஊசி போட்டார்கள். மூக்குக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் குழாய். நான் அவளைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். டாக்டர் சுற்றிச் சுற்றி வந்து விலாவைப் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் குழிவு குறைந்தது. என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். அந்த வலியில்தான் எனக்கு உயிர் வந்தது.

மூன்றாம் நாள் மாமியார் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தார். பிள்ளை ஓடித் திரிவதைப் பார்த்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அதை நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"ஊரு முன்னால என்னைத் தள்ளிட்டுப் போன" என்றார்.

"ஆமாங்க அத்தை. இன்னொரு தடவ வந்தாலும் அப்படித்தான் போவேன்."

சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. சோறு மட்டும் நன்றாக இருந்தது. மெட்ராஸிலிருந்து வந்த என் கணவர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "நீ செஞ்சது சரி, ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்த..." என்று இழுத்தார். அந்த ஒரு வார்த்தை என்னிடம் இல்லை என்றேன். காது குத்து நடந்தது. புகைப்படத்தில் மாமியாரும் நானும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கிறோம்.

7

எங்களுக்கு ஊரிலிருந்து கேசட் வரும். டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசிப் பதிவு செய்து, இந்தப் பக்கம் வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார்கள். சாந்தி அதில் பேசியதே இல்லை. போன மாதம் வந்த கேசட் முழுக்க அவள் குரல். அவளுக்கு இப்போது இரண்டாவதாக ஒரு பெண். யாருமில்லாத நேரம் பார்த்துப் பேசியிருக்கிறாள். நடுவில் பஸ் ஹாரன் கேட்கிறது.

பூங்கொடியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். சாந்தியின் வேகம் அவளுக்குப் பிடிபடவில்லை. நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியமாக அவளுக்குச் சொன்னேன். தமிழிலேயே சொன்னேன், மெதுவாக. அரை மணி நேரம் ஆனது. ஆகட்டும்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? பாப்பாவுக்கு அடமழையில இழுப்பு வந்துருச்சுக்கா. இப்ப நல்லாருக்கா, பயப்படாதீங்க. தருமபுரிக்குக் கொண்டுபோயி நாலு நாளு வெச்சிருந்து கூட்டியாந்தேன். உங்க டாக்டரு மாறிப் போயிட்டாங்களாம், வேற ஒருத்தருதான் பாத்தாரு. ஆனா போறதுக்கு முந்தி வூட்டுல நடந்தது உங்ககிட்டதான் சொல்லணும். அத்தை கரி போட்டுட்டாங்க. இவரு சைக்கிள எடுத்துட்டுப் போயி ஆளையும் கூட்டியாந்துட்டாரு. எனக்கு உங்கள மாதிரி இடிச்சிட்டுப் போக தைரியம் இல்லக்கா. பாப்பாவத் தூக்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயி தாப்பாளப் போட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்குன்னு சொன்னாத்தான் தொறப்பேன்னு சொல்லிட்டேன். தட்டுனாங்க. திட்டுனாங்க. இவரு ஒதச்சாரு. கதவுல சாஞ்சு உக்காந்துக்கிட்டேன். தட்டட்டும்னு உக்காந்துக்கிட்டேன்."